ஓட்டிலியா பார்த்த முதுகு

யோஸ்ட் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே ஓட்டிலியாவுக்கு அவன்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. காரணம், அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிக்கவில்லை, திருடவில்லை, திங்கட்கிழமை தலைவலி என்று சுருண்டு படுக்கவில்லை, சூப்பில் உப்பில்லை என்று முகத்தைச் சுளிக்கவில்லை. வைடன்பாக் ஊரில் ஒரு சீப்பு மேஸ்திரிக்கு வாழ்க்கைப்பட்டு, ஊர் ஊராக வேலை தேடி வந்துபோன தொழிலாளிகள் அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டவள் அவள். இப்படி ஒரு ஆண்பிள்ளை இருக்க முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருக்கிறான் என்றால் யாரோ அனுப்பித்தான் வந்திருக்கிறான்.

யாரோ என்ன யாரோ, எல்லாம் கிலியன் ஹாஃப்னர்தான். சீப்புக்காரர் சங்கத்தின் தலைவர். ஓட்டிலியாவின் புருஷன் போன குளிர்காலத்தில் செத்துப்போனதும் முதலில் துக்கம் கேட்க வந்தவரும் அவர்தான், பட்டறையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனவரும் அவர்தான். போகும்போது சங்கத்தின் விதியை நினைவுபடுத்தினார். விதவை சீப்புக்கான மாட்டுக் கொம்பை வேகவைக்கலாம், சீப்பை மெருகேற்றலாம், சந்தையில் விற்கலாம். ரம்ப வாளைத் தொட்டுச் சீப்புக்குப் பல் அறுக்கக்கூடாது. அது ஆண்கள் வேலை. வரும் நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்குள் தொழில் தெரிந்த ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பட்டறையைச் சங்கத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட வேண்டும். நடுவில் அவள் கையில் வாளைப் பார்த்துவிட்டால் திருநாள்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

சீப்பு வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். முடி அவர்களுடையது, சிக்கு அவர்களுடையது, பேனும் அவர்களுடையது. பல் அறுப்பது மட்டும் ஆண்கள் சொத்தாம்! ஓட்டிலியாவின் மாமியாரும் விதவைதான். அவள் காலத்தில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தெருப் பார்க்கப் பல் அறுத்தாள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது காலம் மாறிவிட்டது. கன்னிமடத்தை மூடித் தானியக் கிடங்கு ஆக்கியாயிற்று. புருஷன் இல்லாத வீடு தலையில்லாத உடம்பு என்று போதகர் ஞாயிறுதோறும் முழங்குகிறார். முன்னெல்லாம் புருஷன் செத்தால் பெண் விதவை ஆனாள், இப்போது விசாரணைக் கைதி ஆகிறாள்.

மாப்பிள்ளையையும் கிலியனே தயாராக வைத்திருந்தார். அவருடைய தங்கை மகன் பங்க்ராட்ஸ். வயிறு அவனுக்கு அரை அடி முன்னால் நடக்கும், வாளைப் பிடித்தால் கை நடுங்கும். அவன் கட்டினால் பட்டறை மாமனின் மடியில் வந்து விழும் என்பது குழந்தைக்கும் தெரியும்.

ஓட்டிலியாவோ தினமும் பல் அறுத்துக்கொண்டுதான் இருந்தாள். புருஷனுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை மங்கியபோது சன்னப் பல் சீப்புகள் எல்லாம் அவள் கைவேலை. யோஸ்ட் கசாப்புக்கடைக்குக் கொம்பு வாங்கப் போனால் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அவன் சீக்கிரம் திரும்பிவிட்டான், அவள் அவசரமாக வாளை ஒளித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். தட்டில் அவள் அறுத்து வைத்திருந்த ஒரு சீப்பை எடுத்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், திரும்ப வைத்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பேசாமல் இருந்ததுதான் அவள் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

அப்புறம் அந்தக் குளியல் விவகாரம். சனிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடியும். மேஸ்திரிகள் ஆளுக்கொரு குளியல் காசு கொடுப்பார்கள். எல்லாத் தொழிலாளிகளும் சேர்ந்து வெந்நீர்க் குளியல்கூடத்துக்குப் போய், முதுகு தேய்த்துக்கொண்டு, பியர் குடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். யோஸ்ட் காசை வாங்கிக்கொள்வான். குளியல்கூடம் இருக்கும் பக்கம் போகமாட்டான். ஆற்றுவாசல் வழியாக ஊருக்கு வெளியே போவான். கிலியனின் தோட்டமும் ஆற்றுவாசலுக்கு வெளியேதான்.

"ஏன்டி ஓட்டிலியா, உன் வீட்டுப் பையன் குளிக்கவே மாட்டானா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு ரொட்டிக்காரி சபீனா.

"ஏன், நாறுறானா?"

"நாறினாத்தான் பரவாயில்லயே! ஆளு சுத்தமா இருக்கான். ஆனா எவன் முன்னாடியும் சட்டையக் கழட்ட மாட்டேங்கிறானாம். எங்க வீட்டுப் பசங்க பேசிக்கிறானுங்க, முதுகுல சூடு போட்ட தழும்பு இருக்கும்னு. வேற ஊர்ல திருடி மாட்டினவனுக்குத்தான் அப்படிப் போடுவாங்க. ராத்திரி கதவத் தாழ் போட்டுக்கிட்டுத் தூங்கு."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். ஓட்டிலியா உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒன்று அவன் திருடன், இல்லை கிலியனின் ஒற்றன். கிலியனிடமே போய்ப் புகார் சொன்னால் என்ன? ஒற்றன் என்றால் கிழவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும். திருடன் என்றால் சங்கமே துரத்திவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை அவர் வீட்டுக்கு நடந்தாள்.

கிலியன் பேரிக்காய் நறுக்கித் தின்றுகொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கத்தி நின்றது. முகத்தில் முதலில் ஆச்சரியம், பிறகு சந்தோஷம். பண்டிகைக்கு வாத்து வெட்டுகிறவன் முகத்தில் வருகிற சந்தோஷம்.

"திருடனா! உன் பட்டறையிலயா? அடடா. நல்லவேளை எங்கிட்ட வந்த. திங்கக்கிழம காலைல நாலு பேரோட வர்றேன். அவன் சட்டையக் கழட்டிப் பாத்துடுவோம். தழும்பு இருந்தா அவன் ஜெயிலுக்கு."

"என் பட்டறை?"

"திருடன் உக்காந்த பட்டறையில எந்த யோக்கியன்மா வேலைக்கு வருவான்? மூட வேண்டியதுதான். நீ ஒண்ணும் கவலப்படாத, பங்க்ராட்ஸ் இருக்கான்ல. வெளிய மட்டும் மூச்சு விடாத."

யோஸ்ட் அவருடைய ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் ஓட்டிலியா செய்துவிட்டு வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமைக்கு முன்னால் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தாள். தழும்பு இருந்தால் ஞாயிறு விடியும் முன் ஆளை ஊரைவிட்டு அனுப்பிவிடலாம். சனிக்கிழமை குளியல் காசைக் கையில் கொடுத்தாள், அவன் தெருமுனை திரும்பியதும் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவன் ஆற்றுவாசலைக் கடந்தான். கிலியனின் தோட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையோரமாக நடந்து, மூடிப்போன கன்னிமடத்தின் பழைய சலவைக் கொட்டகைக்குள் நுழைந்தான். கன்னியர் போனபிறகு அங்கே எலியைத் தவிர யாரும் போவதில்லை. ஓட்டிலியா பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

யோஸ்ட் சட்டையைக் கழற்றினான். முதுகில் தழும்பு இல்லை. மருகூட இல்லை. ஆனால் அக்குளிலிருந்து இடுப்புவரை துணிப்பட்டை இறுகச் சுற்றியிருந்தது. அதைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, நெஞ்சுக் கூட்டைத் தடவிவிட்டுக்கொண்டு, ஐப்பசிக் குளிரில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டு, பல் கிட்டிக்கத் திரும்பியபோது ஓட்டிலியா தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். நின்றுகொண்டிருந்தது ஒரு பெண்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்றே தெரியவில்லை. முதலில் பயங்கரக் கோபம். 'ஒரு பொட்டச்சி என்னை ஆறு மாசமா ஏமாத்திட்டாளே!' கோபம் தணிந்ததும் பயம் வந்தது. ஆண் வேஷம் போட்டுப் பட்டறையில் உட்கார்ந்த பெண்ணைச் சாக்கில் கட்டி ஆற்றில் அமிழ்த்துவார்கள். அவளை உட்கார வைத்தவளுக்குப் பட்டறை போகும், ஊரில் இருக்கும் இடமும் போகும். அந்தச் சட்டை திங்கட்கிழமை கழன்றால் இரண்டு பேர் கதையும் முடிந்தது. கழற்ற வழி செய்ததோ ஓட்டிலியாவேதான்.

ஓடிவிடு என்று சொல்லலாம். ஓடினால் திருடன் என்று உறுதியாகிவிடும், குதிரையில் துரத்திப் பிடிப்பார்கள். உண்மையைச் சொல்லி ஒன்றாக யோசிக்கலாம். ஆனால் அந்தப் பெண் யார்? இவ்வளவு பெரிய பொய்யைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து ரொட்டி பிய்க்கிறவளை நம்பி வாயைத் திறப்பதா? ஞாயிறு முழுக்க ஓட்டிலியா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று வெட்கமாக இருந்தது. ஒற்றனைத் தேடித் தேடிப் பெண்ணைக் கோட்டைவிட்டிருக்கிறாள்.

"என்ன மேஸ்திரியம்மா, என் கைல ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கா?" என்று யோஸ்ட் கேட்டான். இனி அவன் என்பதா அவள் என்பதா? அவள் என்றே சொல்வோம், தெருவில் சொல்லாதவரை மோசமில்லை.

"ஒண்ணுமில்ல. சாப்புடு," என்றாள் ஓட்டிலியா.

திங்கட்கிழமை கிலியன் வந்தார். கூடவே வேடிக்கை பார்க்கப் பங்க்ராட்ஸ், சங்கத்து மேஸ்திரி ஒருவர், தொழிலாளிகளுக்கெல்லாம் மூத்தவனான மெல்கியோர். மெல்கியோர் தூணைப்போல் இருப்பான்.

"எந்திரி தம்பி," என்றான் மெல்கியோர். "எங்க கூடக் குளிக்க வரமாட்டேங்கிறியே, உன் முதுகுல அப்படி என்ன புதையல் வச்சிருக்கன்னு பாக்கலாம்."

யோஸ்ட் எழுந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மெல்கியோர் கழுத்துப்பட்டியில் கை வைத்தான்.

"கைய எடுடா!" ஓட்டிலியாவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "என்னக் கட்டிக்கப் போறவர் மேல கை வைக்கிறியா?"

கொம்பு வேகிற சட்டியில் கரண்டியைப் போட்டுவிட்டு அவள் முன்னால் வந்தாள். பங்க்ராட்ஸின் வாய் திறந்தபடி நின்றது.

"என்னம்மா சொல்ற?" என்றார் கிலியன்.

"மார்ட்டின் திருநாளுக்குள்ள தொழில் தெரிஞ்ச ஒருத்தனக் கட்டிக்கன்னு நீங்கதான சொன்னீங்க? கட்டிக்கிறேன். மேஸ்திரி விதவையக் கட்டுறவனுக்கு மேஸ்திரி பட்டம் உண்டுன்னு சங்கத்து விதியே இருக்கு."

"அவன் முதுகுல தழும்பு..."

"தழும்பும் இல்ல, தடிப்பும் இல்ல. நான் பாத்தாச்சு."

முதலில் சிரித்தவன் மெல்கியோர். "எங்க பாத்தீங்க மேஸ்திரியம்மா?"

"பாக்குற எடத்துலதான். உனக்கு வழி சொல்லணுமா?"

கிலியன் சிரிக்கவில்லை. அவர் கண் இடுங்கியது. "வெள்ளிக்கிழம எங்கிட்ட வந்து இவன் திருடனா இருப்பான்னு சொன்ன. திங்கக்கிழம மாப்பிள்ளைங்கிற. நடுவுல என்னம்மா நடந்துச்சு?"

"நடுவுல சனிக்கிழம வந்துச்சு," என்றாள் ஓட்டிலியா.

மெல்கியோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிலியன் மாடத்திலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். சத்தியம் பண்ணு என்றார். ஓட்டிலியா கையை வைத்தாள். சனிக்கிழமை இந்த முதுகைச் சட்டையில்லாமல் என் கண்ணால் பார்த்தேன், திருடனுக்குப் போடுகிற சூட்டுத் தழும்பு அதில் இல்லை, கடவுள் சாட்சி என்றாள். பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. பார்த்ததில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்கு முந்தியே ஆம்பள முதுகப் பாத்துட்டு, அத வேதத்து மேல சத்தியமும் பண்ற," என்றார் கிலியன். "ஞாயித்துக்கிழம கோயில் வாசல்ல வெறுங்கால்ல நின்னு மன்னிப்புக் கேக்கணும். அப்புறந்தான் கோயில்ல கல்யாண ஓல வாசிக்க விடுவேன்."

"நிக்கிறேன்."

அவர் யோஸ்ட்டின் பக்கம் திரும்பி, மோவாயையே உற்றுப் பார்த்தார். "மீசகூட மொளைக்கல. நீ என்னடா சொல்ற?"

யோஸ்ட் ஓட்டிலியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. "மேஸ்திரியம்மா சொன்னா சரிதான்," என்றாள் கடைசியில்.

"ஏதோ இடிக்குது," என்றார் கிலியன் வாசலில் நின்று. "என்னன்னு தெரியல. ஆனா இந்த வீட்டு மேல எனக்கு ஒரு கண்ணு இருக்கும், ஓட்டிலியா."

அவர்கள் போனதும் யோஸ்ட் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"எப்பத் தெரியும்?"

"சனிக்கிழம. கொட்டகைல பாத்தேன்."

"ரெண்டு நாளாத் தெரியும். ஒரு வார்த்த சொல்லல."

"பேரு என்ன?"

"யூடித். யோஸ்ட் என் அண்ணன். ஜுரத்துல செத்துட்டான். அவன் துணியும் தொழில் சான்றும் எனக்கு மிஞ்சுச்சு. அப்பா என்ன அஞ்சு புள்ள பெத்த தோல்காரன் ஒருத்தனுக்குக் கட்டி வைக்கப் பாத்தாரு. அன்னைக்கே கெளம்பிட்டேன்." கதவைவிட்டு முன்னால் வந்தாள். "அப்பா என்னக் கேக்கல. கிலியன் உங்களக் கேக்கல. நீங்க என்னக் கேட்டீங்களா?"

உன் உயிரைக் காப்பாற்றினேனே என்று சொல்ல வாயெடுத்தாள் ஓட்டிலியா. ஆனால் வெளியே வந்தது வேறு.

"அவரு வந்ததே என்னாலதான். நான்தான் போய்ச் சொன்னேன், உன் முதுகப் பாக்கச் சொல்லி. நீ அவரோட ஒற்றன்னு நெனச்சேன்."

யூடித் சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "நீங்க ஒளிச்சு ஒளிச்சுப் பல் அறுக்கிறது எனக்கு மே மாசமே தெரியும். நான் எவன்கிட்டயாவது போய்ச் சொன்னேனா?"

கிலியன், போதகர், சங்கம் எல்லாரும் சேர்ந்தும் ஓட்டிலியாவைக் கூனிக்குறுக வைக்க முடியவில்லை. இந்தக் கேள்வி வைத்தது. கரண்டியை எடுத்துச் சட்டியை ஒருமுறை கிளறினாள். பிறகு திரும்பி நேராகவே சொன்னாள்.

"தப்புதான். இப்பக் கேக்கிறேன். இருக்கியா, போறியா? இருட்டுற வரைக்கும் வாசக் கதவு தெறந்துதான் இருக்கும். மாப்பிள்ளன்னு சொல்லியாச்சு, இனிமே உன்ன யாரும் மறிக்க மாட்டாங்க. நீ போனா என் பட்டறை போகும், என் மானமும் போகும். அத மறைக்க மாட்டேன். ஆனா பிடிச்சு வைக்கவும் மாட்டேன்."

யூடித் மாடிக்குப் போனாள். தோளில் மூட்டையோடு இறங்கி வந்து, அவளைப் பார்க்காமலே வெளியே போய்விட்டாள்.

ஓட்டிலியா சட்டியை இறக்கினாள். இப்போது ஆற்றுவாசல், இப்போது பாலம் என்று மனசு கூடவே நடந்தது. பிறகு பழைய புத்தி வந்தது: நேராகக் கிலியன் வீட்டுக்கே போய்விட்டால்? எல்லாவற்றையும் ஓட்டிலியாவின் தலையில் கட்டிவிட்டுத் தான் தப்பிக்கப் பார்த்தால்? எதிர்வீட்டுச் சன்னலில் சபீனாவின் தலை தெரிந்தது, மறைந்தது. மத்தியானம் சாய்ந்தது. ஆள் வரவில்லை. அழுகை வந்தது, அழுதாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தெருவே அதிர்ந்தது. தொழிலாளிகள் கூட்டம் பாடிக்கொண்டு வந்தது, மெல்கியோர் முன்னால். நடுவில் யோஸ்ட், தொப்பியில் யாரோ செருகிவிட்ட புதினாக் கொத்தோடு. வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி முதுகைப் பார்க்க மேஸ்திரியம்மா சனிக்கிழமைவரை பொறுக்கணும் என்று கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள்.

"நிச்சயம் ஆனா மாப்பிள்ள எல்லாருக்கும் பியர் வாங்கித் தரணுமாம்," என்றாள் யூடித், உள்ளே வந்து மூட்டையை இறக்கிவிட்டு. "மூட்டைல இருந்த அண்ணனோட நல்ல கோட்ட வித்தேன்."

"ஏன் வந்த?"

"உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. பாலம் வரைக்கும் போனேன். அடுத்த ஊர்லயும் இதே வேஷந்தான், இதே ஆத்துத் தண்ணிதான். மேஸ்திரி பட்டம் எந்த ஊர்லயும் கெடைக்காது, இங்க கெடைக்கும். மேஸ்திரி பொண்டாட்டி புருஷனுக்கு ஒத்தாசையாப் பல் அறுத்தா சங்கம் ஒண்ணும் சொல்லாதுல்ல?"

"சொல்லாது."

"அப்பப் பேசி முடிச்சாச்சு."

புருஷன் போனதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று துழாவிக்கொண்டிருந்தவள் ஓட்டிலியா. இதற்குப் பின்னால் துழாவ ஒன்றும் இல்லை. தன் லாபத்துக்கு வந்தேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவளை அவளுக்கு நம்பத் தோன்றியது. சூடாக சூப்பு ஊற்றி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிலியா கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் நின்றாள். ஊரே பார்த்துக்கொண்டு உள்ளே போனது. சபீனா வேண்டுமென்றே மெதுவாகப் போனாள். திடீரென்று பக்கத்தில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பினால் யூடித், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு.

"உன்ன யாரு நிக்கச் சொன்னா?" என்றாள் ஓட்டிலியா உதடு அசையாமல்.

"யாரும் சொல்லல. அதனாலதான் நிக்கிறேன்."

கடைசியாக வந்தார் கிலியன். படியில் நின்றார். ஓட்டிலியாவின் முகத்தைப் பார்த்தார், யோஸ்ட்டின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கி, கல்லின் மேல் குளிரில் சிவந்திருந்த யோஸ்ட்டின் சின்னப் பாதங்களில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

ஓட்டிலியா ஒரு எட்டு முன்னால் வந்து, தன் பாவாடையின் விளிம்பு அந்தப் பாதங்களை மூடும்படி நின்றுகொண்டாள்.